நாகல்கேணித் தோலும் அனகாபுத்தூர்த் துணியும்

தாம்பரம் பக்கம் ஏற்றுமதி என்று பேச்செடுத்தால் எல்லோர் கையும் சானடோரியத்தை நோக்கித்தான் நீளும். 1984இல் தொடங்கிய ஏற்றுமதி வளாகம், இன்றைய மெப்ஸ், அங்கே ஜி.எஸ்.டி. சாலையோரம் இருக்கிறது. சேலையூரிலும் செம்பாக்கத்திலும் அந்தச் சம்பளத்தில் வாழும் குடும்பங்கள் உண்டு. ஆனால் அந்த வளாகத்துக்கு வேலி போடுவதற்கு நெடுங்காலம் முன்பே இந்த வட்டாரத்துச் சரக்கு கடல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. குரோம்பேட்டை நாகல்கேணியில் பதனிட்ட தோல் ஐரோப்பாவுக்குப் போனது. அனகாபுத்தூரில் நெய்த கட்டம்போட்ட துணி மேற்கு ஆப்பிரிக்காவுக்குப் போனது. 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது சேலையூரும் நாகல்கேணியும் அனகாபுத்தூரும் ஒரே மாநகராட்சிக்குள் வந்துவிட்டன. நாகல்கேணிக்கும் அனகாபுத்தூருக்கும் நடுவே இருப்பது பம்மல் மட்டும்தான்.

இரண்டுமே சிறு உற்பத்தியாளர்களின் தொழில்கள். தோலில் முதலாளி சிறியவர். துணியில் நெசவாளி தன் வீட்டுக்குள்ளேயே தறி வைத்திருந்தவர். இரண்டையும் வாழவைத்தது வெளிநாட்டுக் கொள்முதல். இரண்டையும் உலுக்கியது அரசு ஆணைகள். ஆனால் போய்ச் சேர்ந்த இடம் வேறு. தோல் வளர்ந்தது, தறி தேய்ந்தது. வளர்ந்தது சுத்தமாக வளரவில்லை. தேய்ந்தது தன் தவற்றால் தேயவில்லை. நீடித்த வளர்ச்சி என்று இன்று மேடைதோறும் சொல்கிறார்களே, அதை இந்த இரண்டு ஊர்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரு கேள்வியாகச் சுருக்கிவிடலாம்: சரக்கின் விலையில் சேராத செலவு யார் தலையில் விழுந்தது?

தோலிலிருந்து தொடங்குகிறேன். 1912இல் ஜி.ஏ. சேம்பர்ஸ் பல்லாவரத்தை ஒட்டித் தொடங்கிய குரோம் லெதர் கம்பெனிதான் குரோம்பேட்டைக்குப் பெயர் கொடுத்தது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே, சென்னைக் கலைத்தொழில் பள்ளியின் கண்காணிப்பாளராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன் குரோமியம் உப்பால் தோல் பதனிடுவதை இங்கே சோதித்துப் பார்த்திருந்தார். அவர் மனத்தில் இருந்தது செருப்பு மட்டும் அல்ல, கவலை இறைக்கும் தோல் சாலும்தான். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் நாள்முழுக்கக் கிணற்று நீரில் முங்கி எழுந்தால் சீக்கிரம் நைந்துபோகும். குரோமில் பதனிட்டது தாங்கும் என்பது அவர் கணக்கு. உழவர் கிணற்றிலிருந்து நீரை மேலே கொண்டுவருவதற்காக இந்த மண்ணுக்கு வந்த ரசாயனம் அது.

அதுவரை சென்னை மாகாணத்துத் தோல் என்றால் ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான். வாரக்கணக்கில் ஊறவேண்டும். அப்படிப் பாதி பதனிட்ட தோல் 'ஈஸ்ட் இந்தியா' என்ற பெயரில் லண்டன் சந்தைக்குப் போகும். அங்கே மெருகேறிச் செருப்பாகவும் பையாகவும் மாறும். குரோம் முறையில் வாரங்கள் மணிக்கணக்காகச் சுருங்கின. தோல் நீலம் பாய்ந்து 'வெட் புளூ' ஆகும். அதன்மேல் எந்தச் சாயமும் ஏறும், எந்த மெருகும் நிற்கும். பல்லாவரம், குரோம்பேட்டை, பம்மல் பகுதிகளில் டேனரிகள் ஒன்றையொட்டி ஒன்றாக முளைத்தன. பெரிய ஏற்றுமதியாளருக்கு ஜாப் ஒர்க் செய்து கொடுப்பதே வேலையாக இருந்த சின்ன டேனரிகள் இவற்றில் நிறைய.

அனகாபுத்தூர்க் கதை இன்னும் பழைய கிளையிலிருந்து வருகிறது. கிழக்கிந்தியக் கம்பெனி காலத்திலிருந்தே சோழமண்டலக் கரையில் நெய்த கட்டத்துணிகள் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் செலாவணி போலப் புழங்கின. அடிமை வாணிபத்தின் இருண்ட கணக்குகளிலும் அவை இருக்கின்றன. அந்த மரபில் வந்ததுதான் 'ரியல் மெட்ராஸ் ஹேண்ட்கர்ச்சீப்'. கைக்குட்டை என்று பெயர் இருந்தாலும் உடுத்தும் துணி அது. ஒரு கஜ அளவுச் சதுரங்கள், வெட்டாமல் ஒரே நீளத் துண்டாகவே கப்பலேறும். ஆந்திரத்துச் சீராலாவில் நெய்தார்கள், சென்னையைச் சுற்றியிருந்த நெசவு ஊர்களில் நெய்தார்கள். அவற்றில் அனகாபுத்தூரும் ஒன்று. அந்தத் துணிக்கே உரிய வாடையை முகர்ந்து பார்த்துத்தான் ஆப்பிரிக்கச் சந்தையில் அசலை அடையாளம் கண்டார்கள் என்று சொல்வார்கள்.

நைஜர் ஆற்றுக் கழிமுகத்தில் கலபாரி என்றொரு வணிகச் சமூகம். அவர்கள் இந்தத் துணியை 'இஞ்சிரி' என்பார்கள். பிறந்த குழந்தைக்கும் அதுதான், இறந்தவரின் படுக்கைக்கும் அதுதான். இன்னும் வியப்பானது ஒன்று உண்டு. கலபாரிப் பெண்கள் நம் நெசவாளர் நெய்த கட்டத்தில் குறிப்பிட்ட இழைகளை மட்டும் பிளேடால் அறுத்து உருவி எடுப்பார்கள். துணியில் புதிய கோலம் ஒன்று எழும். அதற்கு 'பெலெட்டெ பிட்டெ' என்று பெயர். ஜோன் ஐகர், டோன்யே எரெகோசிமா ஆகிய ஆய்வாளர்கள் இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார்கள். இங்கே ஒருவர் இழை இழையாகச் சேர்க்க, கடலுக்கு அப்பால் இன்னொருவர் இழை இழையாக உருவி, இருவருமாகச் சேர்ந்து முடித்த துணி அது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததே இல்லை.

இந்த இடத்தில்தான் இரண்டு தொழில்களும் பிரிகின்றன என்று நினைக்கிறேன். அனகாபுத்தூர் நெசவாளிக்குப் பாவு நூலும் கட்டத்தின் கணக்கும் மேலேயிருந்து வரும். நெய்து கொடுத்தால் கூலி. துணி எங்கே போகிறது, அங்கே என்ன விலைக்குப் போகிறது, எந்தக் கட்டம் பிடிக்கிறது, எது பிடிக்கவில்லை என்பதெல்லாம் நகரத்து வியாபாரியின் கணக்குப் புத்தகத்தில் இருந்தன. கைத்தறி ஏற்றுமதி மேம்பாட்டுக் கழகம் 1965 முதல் சென்னையிலேயே இருக்கிறது என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் அதன் உறுப்பினர்கள் ஏற்றுமதியாளர்கள். தறியில் உட்கார்ந்தவருக்கும் அந்த அலுவலகத்துக்கும் இடையே பல படிகள் இருந்தன.

அந்த அறிவு வாங்குகிறவர் பக்கமே தங்கிவிடுவதற்கு ஒரு பெரிய உதாரணம் வணிக உலகில் இன்றும் சொல்லப்படுகிறது. 1950களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் சென்னைக் கட்டத்துணியில் தைத்த சட்டைகளை விற்றது. துவைத்தால் சாயம் போகிறது என்று புகார் குவிந்தது. வழக்கு வரை போயிருக்க வேண்டிய அந்தக் குறையையே, துவைக்கத் துவைக்கப் புது நிறம் காட்டும் அபூர்வத் துணி, சாயம் போகும் என்பதற்கு உத்தரவாதம் தருகிறோம் என்று விளம்பரமாக மாற்றிவிட்டார்கள். சட்டை மேலும் விற்றது. கதை சொல்லத் தெரிந்தவருக்கு லாபம். சாயம் தோய்த்தவருக்கும் நெய்தவருக்கும் அதே பழைய கூலி. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பிறகு இரண்டு தொழில்களுக்கும் ஏறத்தாழ ஒரே காலத்தில் அடி விழுந்தது.

தோலுக்கு அடி கொடுத்தது நம் அரசுதான். சீதாராமையா குழுவின் பரிந்துரையைத் தொடர்ந்து 1973இல் பச்சைத் தோல் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. பாதி பதனிட்ட தோலுக்கு அளவுக் கட்டுப்பாடு வந்தது. கச்சாவை அனுப்பிவிட்டு அதே தோலில் செய்த ஷூவை அடுத்தவர் விற்பதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம் என்பது நோக்கம். பாதி வேலையோடு கப்பலேற்றிப் பழகிய டேனரிக்காரர்களுக்கு அது பேரிடியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் அந்த இடியைத் தாங்க ஓர் இடம் தயாராக இருந்தது. 1948இல் அடையாறில் தொடங்கிய மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் அது. 1958 முதல் அதன் இயக்குநராக இருந்த யலவர்த்தி நாயுடம்மா ஆராய்ச்சிக்கூடத்தின் கதவைத் தொழிலுக்குத் திறந்து வைத்தவர். டேனரியின் சிக்கல் ஆய்வகத்துக்குப் போகும், விடை டேனரிக்குத் திரும்பி வரும். முழுதாகப் பதனிட, சாயமேற்ற, மெருகிட, கடைசியில் ஷூவாகவே தைத்து அனுப்ப இந்தத் தொழில் அடுத்த இருபது ஆண்டுகளில் கற்றுக்கொண்டது. 1985இல் கனிஷ்கா விமானக் குண்டுவெடிப்பில் நாயுடம்மா இறந்தபோது தமிழ்நாட்டுத் தோல்துறை இழந்தது ஒரு விஞ்ஞானியை மட்டும் அல்ல.

அனகாபுத்தூருக்கு அடி கொடுத்தது நைஜீரிய அரசு. எண்ணெய்ப் பணம் பெருகிய 1970களில் அந்நாடு தன் நெசவாலைகளைக் காக்க வெளிநாட்டுத் துணி இறக்குமதியை மறித்தது. தன் தொழிலைக் காக்க ஒரு நாடு செய்வதை நாம் குறை சொல்ல முடியாது. தோலில் நாமும் அதைத்தானே செய்தோம்? ஆனால் ஒரே சந்தையை நம்பிய ஊருக்கு அந்த ஒரே ஆணை போதுமானதாக இருந்தது. வியாபாரிகள் வேறு சரக்குக்கு மாறிக்கொண்டார்கள். சந்தையைப் பற்றிய அறிவும் அவர்களோடு போய்விட்டது. ஊரில் மிஞ்சியவை தறிகளும் கைத்திறனும். நெசவாளர்கள் லுங்கிக்கு மாறினார்கள். லுங்கியை ஈரோட்டுப் பக்கத்து விசைத்தறிகள் பாதி விலைக்கு நெய்து தள்ளின. 1985இல் வந்த கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் காகிதத்தில் தந்த பாதுகாப்பு தறிமேடை வரைக்கும் வந்து சேரவில்லை. ஆயிரக்கணக்கில் இருந்த தறிகள் நூற்றுக்கணக்காகக் குறைந்தன. பிள்ளைகள் மெப்ஸுக்கும் மீனம்பாக்கத்துக்கும் வேலைக்குப் போனார்கள்.

ஆகவே தோல்காரர் திறமைசாலி, நெசவாளி ஏமாளி என்ற முடிவுக்கு யாரும் வந்துவிடக் கூடாது. ஒருவருக்கு விழும்போது தாங்க ஆராய்ச்சி நிறுவனமும் வங்கிக் கடனும் உற்பத்தியின் அடுத்த படியும் இருந்தன. இன்னொருவருக்கு அந்தத் தாங்குதல் எட்டாத உயரத்தில் இருந்தது. வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அது ஐம்பது ஆண்டு வாழ்க்கையை மாற்றிவிட்ட வித்தியாசம்.

இனி வளர்ந்த தொழிலின் கணக்கைப் பார்ப்போம்.

ஒரு கிலோ தோலைப் பதனிட்டு முடிக்கச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் வேண்டும் என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அறுப்புக் கூடத்திலிருந்து வரும் தோல் கெடாமல் இருக்க அதன் எடையில் மூன்றில் ஒரு பங்குக்கு உப்பு போடுவார்கள். முதல் ஊறலில் அந்த உப்பு முழுக்கத் தண்ணீருக்குள் போய்விடும். அடுத்து சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும்; முடி கழன்று வரும்போது கிளம்பும் நெடியை நாகல்கேணி வழியாகப் பேருந்தில் போனவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டாம். கடைசியில் குரோமியம். வழக்கமான முறையில் போட்ட குரோமியத்தில் மூன்றில் இரண்டு பங்கு அளவுக்குத்தான் தோல் உறிஞ்சும், மிச்சம் கழிவுநீரோடு போகும்.

பல்லாவரம் டேனரிகளுக்கான பொதுச் சுத்திகரிப்பு நிலையம் 1990களில்தான் வந்தது. அதற்கு முந்தைய பல பத்தாண்டுகளின் கழிவு மண்ணுக்குள் இறங்கியாகிவிட்டது. குரோம்பேட்டை நிலத்தடி நீரை ஆராய்ந்து அண்ணா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிருந்தாவும் இளங்கோவும் 2012இல் வெளியிட்ட கட்டுரை, உப்பும் குரோமியமும் குடிநீர் வரம்பைத் தாண்டியிருப்பதைக் காட்டியது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது விதி. கிணற்றிலிருந்து நீர் இறைக்க உதவும் என்று வந்த குரோமியம் கிணற்றுக்குள்ளேயே குடியேறிவிட்டது. அந்தத் தெருக்களில் இருந்தவர்கள் பல ஆண்டுகள் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருந்தார்கள். இத்தாலியிலோ ஜெர்மனியிலோ ஷூ வாங்கியவரின் ரசீதில் அந்தக் குடத்துக்கான விலை சேரவில்லை. டேனரிக்காரரும் அதைக் கொடுக்கவில்லை. வளர்ச்சிக்கு மானியம் கொடுத்தது அரசு மட்டும் அல்ல; நாகல்கேணியின் கிணறுகளும்தான்.

அனகாபுத்தூரில் இதற்கு நேரெதிர். தறி யார் கிணற்றையும் கெடுக்கவில்லை. சாயப் பட்டறை இருந்திருக்கும், அதன் அளவு சின்னது. ஆனால் அங்கேயும் விலையில் சேராத செலவு இருந்தது. அதை நெசவாளி தன் கூலியிலிருந்தே கட்டினார். முதுகுவலி, மங்கிய பார்வை, கடன், படிப்பை நிறுத்திய பிள்ளை என்று. தோலில் பக்கத்து வீட்டுக்காரர் கொடுத்ததை, துணியில் தொழிலாளியே கொடுத்தார். சுற்றுச்சூழலுக்குக் கேடு இல்லாத தொழில் என்பதால் மட்டும் ஒன்றை நீடித்த தொழில் என்று பட்டயம் எழுதிவிட முடியாது. வயிறு நிறைக்காத தொழில் ஒரு தலைமுறையோடு முடிந்துபோகும்.

வெளியிலிருந்து வந்த விதிகளும் இரண்டையும் ஒரே மாதிரி தீண்டவில்லை. 1989இல் ஜெர்மனி பி.சி.பி. என்ற பூஞ்சைத் தடுப்பு ரசாயனத்தைத் தடை செய்தது. அது இந்தியத் தோல் ஏற்றுமதியை உலுக்கியது. மாற்று ரசாயனமும் அதைச் சோதித்துச் சான்று தரும் ஆய்வகமும் அடையாறிலேயே இருந்ததால் தொழில் தப்பித்தது. 1994இல் அதே ஜெர்மனி சில அசோ சாயங்களைத் தடை செய்ய, இந்தியாவும் 1997இல் அவற்றைத் தடை செய்தது. தோலும் துணியும் சேர்ந்தே பாதிக்கப்பட்ட தடை இது. பெரிய சாயக் கூடத்துக்கு அது ரசாயனத்தை மாற்றும் செலவு. வீட்டுத் தறிக்கோ, சோதனைச் சான்றுக்கான கட்டணமே ஒரு மாதக் கூலி.

உள்ளூரில் தோலை நிறுத்திக் கேள்வி கேட்டது நீதிமன்றம்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. மாசுபடுத்தியவரே ஈடு கட்டவேண்டும் என்பதும், கேடு வருமுன் தடுக்கும் பொறுப்பு உண்டு என்பதும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அது அறிவித்தது. பாலாற்றுப் படுகையில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாழான செய்தி அதில் பதிவாகியிருக்கிறது. ஐந்து மாவட்டங்களின் டேனரிகளுக்குத் தலா 10,000 ரூபாய் அபராதம். ஆம்பூர், வாணியம்பாடி பற்றிய தீர்ப்பு என்றே நாம் அதை நினைவில் வைத்திருக்கிறோம். அந்த ஐந்தில் ஒன்று செங்கை எம்.ஜி.ஆர். மாவட்டம், அதாவது அன்று பல்லாவரத்தையும் தாம்பரத்தையும் உள்ளடக்கியிருந்த நம் மாவட்டம். 2025 ஜனவரி 30 அன்றும் உச்ச நீதிமன்றம் இதே வேலூர் விவகாரத்தில் இழப்பீடும் நில மீட்பும் தொடரவேண்டும் என்று மறுபடி ஆணையிட நேர்ந்தது. இடையில் 28 ஆண்டுகளுக்கு மேல்.

பொதுச் சுத்திகரிப்பு நிலையம் நல்ல ஏற்பாடு. ஐம்பது தோல் பதனிடும் அளவே உள்ள கூடத்தால் தனியாக ஒரு நிலையம் கட்ட முடியாது. நூறு பேர் சேர்ந்தால் முடியும். ஆனால் சாதாரண உயிரியல் முறை கரைந்த உப்பை எடுக்காது. குரோமியத்தைத் தனியே மீட்கலாம், உப்பு தப்பித்துக்கொள்ளும். உப்பையும் எடுக்கவேண்டுமானால் சவ்வூடு பரவலும் ஆவியாக்கலும் வேண்டும்; மின்கட்டணம் எகிறும். சேறு மிஞ்சும். அந்தச் சேற்றை எங்கே வைப்பது என்ற கேள்வியைத் தள்ளிப்போட்டதன் விலையை 2015 ஜனவரி இறுதியில் ராணிப்பேட்டையில் பார்த்தோம். கழிவுத் தொட்டியின் சுவர் இடிந்து, பக்கத்து டேனரியில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலோர் வங்காளத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள்.

திருப்பூர் இந்தப் பாதையின் கடைசி வரை போய்ப் பார்த்த ஊர். நொய்யல் ஆற்றுப் பாசன விவசாயிகள் தொடுத்த வழக்கில் 2011 ஜனவரி 28 அன்று உயர் நீதிமன்றம் சாயப் பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடச் சொன்னது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் ஒரே வீச்சில் நின்றன. ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு மாறினால்தான் திறக்கலாம். மாறினார்கள். 18 பொது நிலையங்களுக்குத் தமிழக அரசு 200 கோடி ரூபாய் வட்டியில்லாக் கடன் கொடுத்தது. இன்று நீரில் பெரும்பகுதியும் சாயமேற்றும் உப்பும் மீண்டும் பட்டறைக்கே திரும்புகின்றன. 2024-25இல் திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதி ஏறத்தாழ 40,000 கோடி ரூபாயைத் தொட்டது. நீதிமன்றம் கழுத்தைப் பிடித்தால் ஏற்றுமதி செத்துவிடும் என்று அன்று அலறியவர்களுக்கு இது போதுமான விடை. ஆனாலும் இதில் ஒரு பொத்தல் உண்டு. கடன் கொடுத்தது தமிழ்நாட்டு வரிப்பணம். அதைத் திருப்பிக் கட்ட வேண்டியவர் திருப்பூர்ப் பட்டறைக்காரர். ஒர்த்துப்பாளையம் அணை கழிவுநீர்க் குட்டையானதால் நிலம் இழந்தவர் ஈரோடு, கரூர் விவசாயி. அந்த டி-ஷர்ட்டைத் தன் பெயர் போட்டு விற்ற வெளிநாட்டுக் கம்பெனி இந்தப் பட்டியலில் எங்கேயும் இல்லை.

இத்தாலியின் டஸ்கனியில் சாந்தா குரோச்சே என்ற சிற்றூர். அங்கேயும் நாகல்கேணி மாதிரிச் சின்னச் சின்ன டேனரிகள்தான், நூற்றுக்கணக்கில். 1980களின் தொடக்கத்திலேயே அவர்கள் கூட்டாக ஒரு குரோமியம் மீட்பு நிலையம் வைத்தார்கள். எல்லா டேனரியின் குரோம் கழிவும் அங்கே போகும்; மீட்ட குரோமியம் டேனரிக்கே திரும்பும். கழிவுநீருக்கும் சேற்றுக்கும் பொது நிறுவனங்கள் உண்டு. 1994இல் மரப்பட்டையில் பதனிடும் டஸ்கனி டேனரிகள் தனிக் கூட்டமைப்பு அமைத்துத் தம் தோலுக்கு ஒரு முத்திரையையும் உலகெங்கும் நிலைநாட்டின. அந்த முத்திரையைப் பார்த்து வாங்குகிறவர் கூடுதல் விலை கொடுக்கிறார். சுத்திகரிப்புச் செலவைத் தாங்க அந்தக் கூடுதல் விலை உதவும். நம் ஆவாரம் பட்டைத் தோலுக்கும் 'ஈ.ஐ. லெதர்' என்று புவிசார் குறியீடு இருக்கிறது. டஸ்கனி முத்திரைக்கு மிலானில் உள்ள மதிப்பு இதற்குச் சென்னைத் தோல் சந்தையான பெரியமேட்டில்கூடக் கிடையாது. டஸ்கனியிடம் இருந்தது நம்மிடம் இல்லாத ஏதோ ரகசிய ரசாயனம் அல்ல. தோலின் முடிவில் தங்கள் பெயர் இருக்கவேண்டும் என்று அவர்கள் பிடிவாதமாக இருந்தார்கள். நாகல்கேணித் தோல் எந்த ஷூவிலும் தன் பெயரோடு இல்லை.

அனகாபுத்தூரில் மிஞ்சிய நெசவாளர்கள் இந்த விஷயத்தில் தோல்காரர்களைவிட முன்னே போயிருக்கிறார்கள் என்றே சொல்லவேண்டும். வாழை மரத்தைத் தார் வெட்டியபின் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. அந்தப் பட்டையிலிருந்து நாரைப் பிரித்து, பெண்கள் உட்கார்ந்து ஒவ்வொன்றாக முடிந்து நீளமாக்கி, பருத்தியோ பட்டோ பாவாக ஓட, நாரை ஊடையாக வைத்து நெய்கிறார்கள். வாழை, அன்னாசி, கற்றாழை, மூங்கில், சணல், வெட்டிவேர் என்று 25 வகை இயற்கை இழைகளைக் கொண்டு ஒரே சேலை நெய்து சாதனைப் பதிவும் பெற்றார்கள். சாயமும் செடி கொடிகளிலிருந்தே. இங்கே சரக்குக்கு ஊர்ப் பெயர் இருக்கிறது; வாங்க வருகிறவர் நெசவாளியின் முகத்தைப் பார்க்கிறார். நைஜீரியக் காலத்தில் இல்லாதது இது. குறை என்னவென்றால், நார் முடியும் வேலை பொறுமையைத் தின்னும், தறிகளோ விரல்விட்டு எண்ணும்படிக் குறைந்துவிட்டன. வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய ஆர்டர் வந்தால் ஏற்க ஆள் இல்லை. ஆர்டர் இல்லாததால் புது ஆள் சேர்வதும் இல்லை. 2015 டிசம்பரில் அடையாற்று வெள்ளம் அனகாபுத்தூர்த் தெருக்களுக்குள்ளேயே புகுந்தது. வெள்ளம் வடிந்தபின் தறியை மறுபடி பூட்ட மனத்தெம்பு வேண்டும்.

இப்போது இன்னொரு சுற்று விதிகள் வந்துகொண்டிருக்கின்றன. காடழிப்பால் வந்த பொருள்களை நுழையவிடக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சட்டம் இயற்றியது. மாட்டுத் தோலும் அதில் சேர்க்கப்பட்டது. நடைமுறை இருமுறை தள்ளிவைக்கப்பட்டது. அமேசான் காட்டை எரித்து மேய்ச்சல் நிலமாக்குகிறவரைத் தடுப்பது நியாயமே. ஆனால் மாடு வளர்ந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை வேண்டும் என்கிறது விதி. நம் ஊரில் மாடு ஏழை விவசாயி வீட்டில் பால் கறந்து, உழுது, கிழடாகி, சந்தையில் கைமாறி, தோலாகி, மண்டியில் கைமாறி வருகிறது. எந்தக் காட்டையும் அழிக்காத அந்த மாட்டுக்குத்தான் காகிதம் இல்லை. 2005இல் தொடங்கிய லெதர் ஒர்க்கிங் குரூப்பின் தணிக்கைச் சான்று இல்லாவிட்டால் பெரிய பிராண்டுகள் பல பேச்சுக்கே வருவதில்லை. தணிக்கைக் கட்டணம் டேனரியின் பாடு. இதற்கிடையே 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியச் சரக்குகளுக்கு 50 சதவீதம் வரை வரி போட்டபோது ஆம்பூர் ஷூவும் திருப்பூர் பனியனும் ஒரே வாரத்தில் தவித்தன. சுத்திகரிப்பு நிலையத்தின் மின்கட்டணம் மட்டும் குறையவில்லை.

அனகாபுத்தூர் ஒற்றைச் சந்தையை நம்பி விழுந்ததும், அமெரிக்க வரியில் 2025இல் ஏற்றுமதி ஊர்கள் தவித்ததும் ஒரே நோய். விதி எழுதுகிறவர் ஒரு கரையில், செலவு செய்கிறவர் மறுகரையில் என்ற ஏற்பாடு மாறாமல் சிறு உற்பத்தியாளரைப் பார்த்து நீ நீடித்து வளர் என்று சொல்வது நியாயம் ஆகாது. அதற்காக விதியே வேண்டாம் என்று வாதாடுகிற டேனரிக்காரர் பக்கமும் நான் நிற்கமாட்டேன். அந்த வாதத்தின் விலையை நாகல்கேணிக் கிணறுகள் ஏற்கெனவே கொடுத்துவிட்டன.

கேட்க வேண்டியவை தெளிவாக இருக்கின்றன. பொதுச் சுத்திகரிப்புக்கு ஒரு சதுர அடித் தோலுக்கு ஆகும் செலவு, ஏற்றுமதி விலைப்பட்டியலில் தனி வரியாக எழுதப்பட வேண்டும். பேரம் அந்த வரியைத் தொடக் கூடாது என்று தோல் ஏற்றுமதியாளர்கள் கூட்டாக நின்றால், ஒரு டேனரியை இன்னொன்றோடு மோதவிட்டு விலையைக் குறைக்கும் பழைய வித்தை பலிக்காது. மாட்டுத் தோலின் பூர்வீகக் காகிதத்தை ஒவ்வொரு டேனரியும் தனியாகத் தேட முடியாது. மண்டி அளவில் பொதுப் பதிவேடு வைக்க வழிசெய்வது அடையாறு ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் மாநில அரசுக்கும் இயலாத வேலை அல்ல. அனகாபுத்தூருக்கு வேண்டியது இன்னும் சின்ன அளவு: நார் பிரிக்கவும் சாயம் தோய்க்கவும் ஒரு பொதுக்கூடம், வெள்ளம் ஏறாத மேட்டில், சோதனைச் சான்றுக்கான கட்டணத்தை ஊருக்குச் சேர்த்து ஒரே முறை கட்டும் ஏற்பாடு, இளையவர் ஒருவர் தறியில் உட்கார்ந்தால் மெப்ஸில் கிடைக்கும் மாதச் சம்பளத்துக்குக் குறையாத கூலி, ஆர்டர் வந்தபின் அல்ல, கற்கத் தொடங்கிய முதல் மாதத்திலிருந்தே. ஏற்றுமதி வளாகத்துக்கு நாற்பது ஆண்டுகளாக வரிச்சலுகை கொடுக்க முடிந்த அரசுக்கு, அதற்குச் சில கிலோமீட்டர் தள்ளியிருக்கும் தறிகளுக்கு இந்த மூன்றையும் கொடுப்பது பெரிய தொகை அல்ல.